இடது பின் மூலை

சுண்டுவின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவளுடைய உச்சந்தலையைப் பார்த்தவர்கள்தான் அதிகம். செய்தித்தாளில் படம் வரும். அவளோடு ஜோடியாக ஆடுகிற நெட்டை அந்தரத்தில் இருப்பாள். மட்டை ஓங்கியிருக்கும், பல்லைக் கடித்திருப்பாள், இறகுப்பந்து இதோ அடி வாங்கப் போகிறது என்பது போல மேலே தொங்கும். படத்தின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தெரியும். அதுதான் சுண்டு, வலையோரம் குனிந்து நிற்கிறவளின் தலை. படத்துக்குக் கீழே இரண்டு பேர் பெயரையும் போட்டிருப்பார்கள், ஒரு மரியாதைக்கு. எதிராளி அந்தப் பந்தை ஏன் அவ்வளவு உயரத்தில் தூக்கிக் கொடுத்தாள், அவளைத் தூக்க வைத்தது யார் என்று எந்தப் படமும் சொல்லாது. பதினோரு வருஷமாகச் சுண்டு செய்த வேலையே அதுதான். முன்னால் நின்று, வலையை ஒட்டி ஒட்டிப் போட்டு, எதிராளியைத் தூக்க வைப்பாள். தூக்கினால் பின்னாலிருந்து நெட்டை அடித்து முடிப்பாள்.

அவளை இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது ஆசையும் இல்லை, கனவும் இல்லை. வீட்டில் ஆளில்லாததுதான் காரணம். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பா உள்விளையாட்டரங்கில் எலக்ட்ரீஷியன். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை நேராக அரங்குக்கு வந்துவிட வேண்டும். இறகுப்பந்து ஆடும்போது மின்விசிறி ஓடக் கூடாது, காற்றில் பந்து நகர்ந்துவிடும். அதனால் அப்பாவுக்கு முக்கால்வாசி நேரம் விசிறிகளை நிறுத்துவதுதான் உத்தியோகம். "கரண்ட் வேலைக்கு வந்துட்டு காத்த நிறுத்துறதுக்குச் சம்பளம் வாங்குறேன்" என்பார். மகள் உடைந்த பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு, கோர்ட்டுகளின் ஓரத்தில், பெஞ்சுகளின் அடியில், யார் காலிலும் மிதிபடாமல் ஓடிக்கொண்டிருப்பாள். அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டர் அதைப் பார்த்துத்தான் சுண்டெலி என்று பெயர் வைத்தார். பிறகு மட்டையையும் கையில் கொடுத்தார். சுண்டெலி தேய்ந்து சுண்டு ஆனது. உயரம் மட்டும் பெயருக்கு ஏற்றபடி அப்படியே நின்றுவிட்டது.

நெட்டை வந்தது சுண்டுவின் பதினாறாவது வயதில். வேறு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியரின் மகள். கை நீளம், கால் நீளம், அடித்தால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். ஓடுவது மட்டும் அவளுக்கு ஆகாது. "பந்து என்கிட்ட வரட்டும், நான் ஏன் அதுகிட்டப் போகணும்?" என்று மாஸ்டரிடமே கேட்டாள். மாஸ்டர் இரண்டு பேரையும் ஒரே கோர்ட்டில் நிறுத்தினார்.

"ஒண்ணுக்கு அடிக்கத் தெரியும், ஓடத் தெரியாது. ஒண்ணுக்கு ஓடத் தெரியும், அடிக்க உசரம் பத்தாது. ரெண்டையும் சேத்துக் கூட்டுனா ஒரு ஆளாவது தேறும்" என்றார்.

ஒரு ஆள் இல்லை, நல்ல ஜோடியே தேறியது. முதல் வருஷமே ஜூனியர் கோப்பை. பிறகு மாநில அணி, நாட்டு அணி, இரண்டு பேருக்கும் ஒரே வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஊர் ஊராகப் போய் ஒரே அறையில் தங்கினார்கள். நெட்டை தூங்கினால் குறட்டை விடுவாள். சுண்டுவுக்கு விமானம் என்றால் உயிர் போகும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் நெட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்த கதையெல்லாம் அளப்பாள். ஆட்டத்துக்கு முன்னால் சுண்டுவின் முடியை இறுக்கிப் பின்னிவிடுவதும் அவள்தான். ஒரு முடிகூடக் கண்ணில் விழக் கூடாது, அவ்வளவு கண்டிப்பு. அந்தக் கைகளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்கிறவளுக்கு மாஸ்டர் முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுத்துவிடுவார். பந்து தலைக்கு மேலே போனால் திரும்பிப் பார்க்காதே. திரும்பினால், அங்கிருந்து எதிர்ப்பக்கம் போய் மறுபடி வருகிற பந்து கண்ணில் படும். ஒரு பெண்ணுக்குக் கருவிழியில் அடிபட்டு ஆட்டமே போயிருக்கிறது. அதனால் சுண்டு திரும்ப மாட்டாள். பின்னால் நெட்டை எங்கே இருக்கிறாள் என்பது ஷூ தரையில் கிறீச்சிடுவதை வைத்துத்தான் தெரியும். வலது பக்கம் இரண்டு கிறீச், ஒரு தாவல், ஒரு மூச்சு, பிறகு அடி. அந்தச் சத்தத்தை வைத்தே அது வேகமாகப் பாயப்போகிற ஸ்மாஷா, மெதுவாக வலையோரம் விழப்போகிற டிராப்பா என்று சொல்லிவிடுவாள். பயிற்சியின்போதும் ஜோடி பிரியாமல் வலைக்கு ஒரே பக்கத்தில்தான் நிற்பார்கள். எண்ணிப் பார்த்தால், நெட்டை ஆடுவதை ஒழுங்காக நேருக்கு நேர் பார்க்காத ஒரே ஆள் அவள்தான்.

முட்டிச் சங்கதி தொடங்கியது பத்தாவது வருஷம். வெளிநாட்டில் ஒரு போட்டி. தோற்றுவிட்டு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டை முட்டியில் மாட்டியிருந்த உறையை இறக்கி இடது முட்டியைக் காட்டினாள். பன் மாதிரி வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. பின்னாடி இடது மூலைக்குப் போயி, தலையைச் சுத்தி அடிச்சிட்டு, இடது கால்ல இறங்குறேன்ல, அப்ப கத்தியால குத்துது."

"மாஸ்டர்கிட்ட சொல்லிடலாம்டி."

"சொன்னா என்ன ஆகும்? ஓய்வு எடும்பாரு. ஓய்வு எடுத்தா நம்ம ரேங்க் என்ன ஆகும்? இந்த வருஷம் விட்டா பெரிய போட்டிக்கு அப்புறம் நாலு வருஷம். அப்ப நமக்கு என்ன வயசு இருக்கும், நீயே சொல்லு."

சுண்டு ஐஸ் பையை எடுத்து முட்டியின்மேல் வைத்தாள்.

"வெளிய ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது. எதிர்ல ஆடுறவளுகளுக்குத் தெரிஞ்சா அந்த மூலைக்கேதான் போட்டுத் தள்ளுவாளுக. நம்ம ஆளுகளுக்குத் தெரிஞ்சா பேர எடுத்துடுவாங்க" என்றாள் நெட்டை. பிறகு, குரலை இறக்கி, "அந்த மூலைய மட்டும் நீ பாத்துக்கிறியா? கொஞ்ச நாளைக்கு" என்றாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. வலையோரம் நிற்கிறவள், பந்து தலைக்கு மேலே இடது பின் மூலைக்குப் போகிறது என்று தெரிந்ததும், கோர்ட்டின் முழு நீளத்தையும் பின்பக்கமாக ஓடிக் கடந்து அதை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு மறுபடி முன்னால் வர வேண்டும். உயரம் பத்தாது, நேரம் பத்தாது. பத்தில் ஏழு எடுக்கலாம். மீதி மூன்று வலையில் விழும், இல்லை கோட்டுக்கு வெளியே போகும். அந்த மூன்றும் கடைசியாக மட்டையை வீசியவள் பெயரில்தான் ஏறும். இதெல்லாம் சுண்டுவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சரி என்றாள்.

நாயாய் ஓடினாள் என்று சொன்னால்கூட அது குறைச்சல்தான். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து, முன்னாலிருந்து பின் மூலைக்கு, பின் மூலையிலிருந்து முன்னால் என்று அந்த ஒரு கோட்டிலேயே ஓடிப் பழகினாள். அவள் பின்னால் போகும்போது நெட்டை நோகாமல் பக்கவாட்டில் நகர்ந்து முன்னால் வந்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ புதுத் திட்டம் மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு மட்டும் ஒட்டவில்லை.

"நீ ஏன் உன் இடத்த விட்டுட்டு அங்க போற? பின்னாடி அவ சும்மாதானே நிக்கிறா?"

"பழக்கமாயிடுச்சு மாஸ்டர்."

"கெட்ட பழக்கம். விடு அத."

அடுத்த ஆட்டத்திலும் ஓடினாள். மாஸ்டர் மறுபடி கத்தினார். அவரிடம் பொய் சொன்னது அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த வருஷம் அவர்கள் பெரிய கோப்பை ஒன்றை ஜெயித்தார்கள். இறுதியாட்டத்தில் மூன்றாவது செட்டில் கால்கள் இரண்டும் மரத்துப்போய், இனி ஒரு தடவை அந்த மூலைக்குப் போனால் விழுந்துவிடுவோம் என்ற நிலையிலும் போனாள், எடுத்தாள். முட்டி வீங்கிய ஒருத்தியைப் பின்னால் வைத்துக்கொண்டு கோப்பை வாங்கியிருக்கிறேன், இது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாள் படத்தில் நெட்டை அந்தரத்தில் இருந்தாள்.

பெரிய போட்டிக்கு அணி எடுக்கும் நாள் வந்தது. சங்கத் தலைவர் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். தலைவருக்கும் இறகுப்பந்துக்கும் இருந்த ஒரே உறவு அந்த நாற்காலி. அவர் முன்னால் ஒரு கணினித் திரை. ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து யார் எங்கே தப்புச் செய்தார்கள் என்று சிவப்புப் புள்ளி வைத்துக்கொடுக்க ஒரு ஆளைப் புதிதாக வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆள் புள்ளியை எண்ணுவான். எதற்காக ஓடினாள் என்பதற்கு அவனிடம் நிறம் கிடையாது.

"என்னம்மா இது, உன் பேர்ல மட்டும் இவ்வளவு சிவப்பு?" என்றார் தலைவர்.

"ரெண்டு பேரும் சேந்து ஆடுறது சார் அது."

"சேந்துதான் ஆடுறீங்க. தப்பு மட்டும் தனியா பண்றியே."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. அவர்தான் எத்தனையோ தடவை உன் இடத்தில் நில் என்று சொல்லிவிட்டாரே. சுண்டு நெட்டையைப் பார்த்தாள். முட்டி என்று ஒரு வார்த்தை போதும். அதை நெட்டைதான் சொல்ல வேண்டும். அவள் முட்டி, அவள் ரகசியம். தான் சொன்னால் பழியைத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும் என்று சுண்டு வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லும்மா. கூட ஆடுறவ நீ. உனக்குத்தான் தெரியும்" என்றார் தலைவர் நெட்டையிடம்.

நெட்டை கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "அவளும் கஷ்டப்பட்டுத்தான் சார் ஆடுறா" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட யாராவது பரிந்து பேசியிருப்பார்கள். பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. நெட்டைக்கு ஜோடியாகப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைப் போட்டார்கள். அரங்கத்தில் எல்லோரும் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். சுண்டுவைக் கழற்றிவிட்டார்கள். இருபத்தேழு வயதில் அவள் பழசு.

வெளியே நடைவழியில் நெட்டை அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "நான் வேற என்னடி சொல்லியிருக்க முடியும்?" என்றாள். சுண்டுதான் அவளைத் தட்டிக்கொடுத்தாள், முகத்தைத் துடைத்துவிட்டாள். "முட்டியப் பாத்துக்கோ. புதுசுகிட்ட எல்லாத்தையும் பக்குவமா சொல்லு" என்றாள். கழற்றிவிடப்பட்டவள் ஆறுதல் சொன்னாள், இருக்கிறவள் அழுதாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

அம்மாவிடம் மட்டும் சொன்னாள். அம்மா சலவைக்கூடத்திலிருந்து வந்து, கை ஊறிப்போய் வெளிறிய விரல்களோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேட்டு முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீ சொல்லலன்னா நான் போய் சொல்றேன்."

"சொன்னா அவளையும் தூக்கிடுவாங்கம்மா."

"தூக்கட்டுமே. உன்ன தூக்கும்போது அவ நின்னு பாத்துட்டுத்தானே இருந்தா?"

"ரெண்டு பேரும் வெளிய உக்காந்து என்ன பண்றது? ஒருத்தியாவது ஆடட்டும்."

"நல்லா இருக்குடி உன் நியாயம். உன்ன ஏணியா போட்டு ஏறிட்டா, நீ ஏணிய கழுவி வச்சிட்டு உக்காந்திருக்க." அம்மா எழுந்து கை கழுவப் போனாள். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வங்கிக்காரர்கள் அவளைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஆடாத ஆட்டக்காரிக்கு அங்கே வேறு என்ன மரியாதை? டோக்கன் எண் ஒளிரும், ஆள் வரும், முத்திரை குத்துவாள், அடுத்த எண் ஒளிரும். எப்போதாவது ஒரு ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்த்து, "நீங்க அவங்ககூட ஆடுனவங்கதானே?" என்று கேட்பார். ஆமாம் என்பாள். ராத்திரி படுத்தால் கால்கள் தானாகத் துடிக்கும். மனசு மட்டும் கெட்டுப்போகவில்லை. போனது என் இடம், ஆனால் நானாகக் கொடுத்தேன், யாருக்குக் கொடுத்தேனோ அவள் அங்கே நொண்டி நொண்டியாவது ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வாள். அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

ஒரு நாள் மாஸ்டர் போன் செய்தார். பெரிய போட்டிக்கு முன்னால் நெட்டைக்கும் புதுசுக்கும் எதிரே நின்று ஆடிக்கொடுக்க ஆள் வேண்டும். பையன்களை நிறுத்தினால் அடி பலமாக இருக்கிறது, சின்னப் பெண்களை நிறுத்தினால் அவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

"நெட்டையோட ஆட்டம் உனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்? வங்கிகிட்ட நான் பேசிக்கிறேன். வர்றியா?"

"போகாத" என்றாள் அம்மா. "கழட்டிப் போட்ட செருப்ப வாசல் தொடைக்கக் கூப்பிடுறாங்க."

சுண்டு போனாள். அந்த அரங்கத்தின் ரப்பர் தரை வாசனைக்காகவே போயிருப்பாள், அதுதான் நிஜம். அவளுக்குத் துணையாக இன்னொரு பயிற்சிப் பெண்ணை நிறுத்தினார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நெட்டையும் புதுசும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெட்டை அவளுக்கு நேர் எதிரே நின்றாள். "எப்படி இருக்கடி?" என்று வலைக்கு மேலே கையை நீட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். சுண்டுவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. சுண்டுவின் கை அந்த மூலைக்குப் பந்தை அனுப்பவே இல்லை. வலது பக்கம் போட்டாள், நடுவில் போட்டாள், வலையோரம் போட்டாள். எதிரே இருப்பவள் எதிராளி என்பது கைக்கு உறைக்கவில்லை. மாஸ்டர் விசில் ஊதினார்.

"என்ன சுண்டு, அந்த இடது மூலைக்கு உன் பந்து போகவே போகாதா? அங்க வந்து ஆடப்போறவளுக உன்ன மாதிரி விட்டுக்கொடுப்பாளுகளா?"

வேறு வழியில்லாமல் ஒன்றை அங்கே தூக்கினாள். உடனே வலையோரம் நின்ற புதுசு திரும்பி ஓடினாள். தலை தெறிக்க ஓடி, எட்டாமல் எட்டி வீசினாள், பந்து மட்டை விளிம்பில் பட்டு வலையில் விழுந்தது. நெட்டை பக்கவாட்டில் நகர்ந்து முன்னால் வந்து நின்றாள். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று புதுசின் முதுகில் தட்டினாள். சுண்டு மறுபடி அங்கேயே போட்டாள். மறுபடி புதுசுதான் ஓடினாள். இன்னும் முட்டி சரியாகவில்லை போல, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் சுண்டு. அந்தப் பெண் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்தபோது, நானும் இப்படித்தான் இருந்திருப்பேனா என்று ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் புதுசு வரவில்லை, காய்ச்சல். மாஸ்டர் நெட்டையைத் தனியாகப் பின் கோட்டில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து தூக்கித் தூக்கிப் போடச் சொல்லிச் சுண்டுவிடம் ஒரு கூடைப் பந்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கோர்ட்டுக்குப் போனார். சுண்டு வலது மூலைக்குச் சில பந்துகள் போட்டாள். நெட்டை பளார் பளார் என்று அடித்தாள். பிறகு ஒன்று கை தவறி இடது மூலைக்குப் போய்விட்டது. சுண்டு "விட்டுடு" என்று சொல்ல வாயெடுத்தாள்.

நெட்டை விடவில்லை. இரண்டு எட்டில் பின்னால் போனாள், குதித்தாள், மட்டையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து அடித்தாள், இடது காலில் முழுப் பாரத்தையும் இறக்கினாள், அதே காலால் தரையை உந்தி முன்னால் வந்தாள். முகம் சுளிக்கவில்லை. சுண்டு இன்னொன்று போட்டாள், அதையும் அடித்தாள். கூடை காலியாகும்வரை அந்த மூலைக்கே போட்டாள். சில கோட்டுக்கு வெளியே போயின, அது எவளுக்கும் போகும். மற்றபடி அந்தக் காலில் ஒரு குறையும் இல்லை. சுண்டு காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வலையைத் தாண்டிப் போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்து நெட்டை முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். சுண்டு உட்காராமல் எதிரே நின்றாள்.

"முட்டி எப்ப சரியாச்சு?"

"ம்?"

"முட்டிடி. எப்ப சரியாச்சு?"

நெட்டை துண்டை மடித்தாள். "அது ரொம்ப நாளாச்சே. ஊசி ஒண்ணு போட்டுக்கிட்டேன், அப்பவே."

"கோப்பை ஜெயிச்சோமே, அதுக்குப் பின்னாடியா?"

நெட்டை மடித்த துண்டை மறுபடி பிரித்தாள். "முன்னாடியா?" என்று கேட்டாள் சுண்டு.

"முன்னாடிதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"கத்தாத. மாஸ்டர் பாக்குறாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் போய்க்கிட்டே இருந்தியே. நல்லா போய்க்கிட்டிருந்துச்சு, எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன். நீயும் ஒரு நாள்கூட கேக்கல." நெட்டை இப்போது அவளைப் பார்த்தே பேசினாள். குரலில் கள்ளம்கூட இல்லை, அதுதான் கொடுமை. "அந்த மூலையில யாரு நின்னு அடிச்சாலும் பத்துக்கு மூணு வெளிய போகும். அது என் பேர்ல ஏறிட்டிருந்தா அன்னிக்கு ரூமுக்குள்ள என்னத்தான் கேட்டிருப்பாங்க. ரெண்டுல ஒண்ணு போகணும்னு இருந்துச்சு. எனக்கும் வயசாகுதுடி."

அணியில் இடம் போனபோதுகூடச் சுண்டு இப்படி உடைந்துபோகவில்லை. நானாகக் கொடுத்தேன் என்று இத்தனை நாள் வைத்திருந்தாளே, அதுவும் போய்விட்டது. அவள் எதையும் கொடுக்கவில்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருத்தி நல்ல காலோடு நின்று அதை எடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வலி என்று நினைத்து அவள் சுமந்தது ஒரு சோம்பேறித்தனத்தை.

"புதுசுகிட்ட எதையும் சொல்லிக் குழப்பாத. போட்டி வருது" என்றாள் நெட்டை, மட்டையைப் பையில் வைத்துக்கொண்டே.

வீட்டில் அம்மாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நான் அன்னிக்கே சொன்னேனே என்பாள், அதைத் தாங்க அன்று தெம்பில்லை. மறுபடி கவுண்டருக்கே போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் பத்தொன்பது வயதுக்காரி. தலை தெறிக்க ஓடியது கண்ணுக்குள்ளேயே நின்றது. யாராவது ஒருத்தி தனக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கு எங்கே இருந்திருப்போம் என்று யோசித்தாள். காய்ச்சல் விட்டுப் புதுசு வந்த அன்று, சுண்டு சீக்கிரமே அரங்கத்துக்குப் போனாள்.

குழாயடியில் புதுசு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் முகம் வெளிறித்தான் இருந்தது. சுண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏம்மா, நீ எதுக்கு அந்த இடது மூலைக்கு ஓடுற? அது உன் இடம் இல்லையே."

புதுசு சுற்றுமுற்றும் பார்த்தாள். "பழக்கமாயிடுச்சுக்கா" என்றாள்.

சுண்டு இன்னும் கிட்டப் போய்க் குரலை இறக்கினாள். "அவ முட்டி நல்லாத்தான் இருக்கு. நீ வராத அன்னிக்கு ஒரு கூடைப் பந்து அந்த மூலைக்கே போட்டேன், குதிச்சுக் குதிச்சு அடிச்சா. நீ உன் இடத்துல நில்லு. இல்லன்னா அந்தத் தப்பெல்லாம் உன் பேர்லதான் ஏறும். நாளைக்கு உன்னைத்தான் அனுப்புவாங்க. என்னப் பாத்தாவது தெரிஞ்சுக்கோ."

புதுசு குழாயை மூடினாள். பாட்டிலை நிதானமாகத் திருகி மூடினாள். அவள் முகத்தில் கோபமில்லை, பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் காட்டுகிற ஒரு பொறுமை இருந்தது.

"நீங்க இப்படி வந்து சொல்வீங்கன்னு அக்கா முன்னாடியே சொன்னாங்க" என்றாள்.

"வேற என்ன சொன்னா?"

"தப்பா எதுவும் சொல்லலக்கா. உங்களுக்கு ரொம்ப கஷ்டமாயிருக்கும், எது சொன்னாலும் மனசுல வச்சுக்காதேன்னு சொன்னாங்க. பாவம்னுதான் சொன்னாங்க."

உள்ளே மாஸ்டர் விசில் ஊதினார். புதுசு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சுண்டு குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், வலைக்கு இந்தப் பக்கம் தன் இடத்தில் நின்றாள். எதிரே நெட்டை புதுசின் முடியை இழுத்துப் பிடித்துக் கிளிப் போட்டுவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டாள். மாஸ்டர் கையைக் காட்டினார். சுண்டு பந்தை எடுத்து, நல்ல உயரமாக, அந்த இடது பின் மூலைக்கே போட்டாள். நெட்டை நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. புதுசு ஓடினாள்.